பெட்டியை எத்தனை தடவை தூக்க வேண்டும்? அறுபதுக்குப் பிறகு முதல் வெளிநாட்டு ரயில் பயணம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதமாக மூன்று தாள்கள் கிடக்கின்றன. சுவிட்சர்லாந்து, ஜப்பான், மலேசியா–தாய்லாந்து என்று ஒவ்வொன்றின் தலையிலும் என் கணவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு வயது 69, எனக்கு 64. அவருக்குச் சர்க்கரை, எனக்கு வலது முழங்கால். திருச்சியிலிருந்து காசிக்கும் அமிர்தசரஸுக்கும் ரயிலிலேயே போய் வந்தவர்கள் நாங்கள். வெளிநாட்டில் மட்டும் ரயிலேறியதில்லை. போவதென்றால் ஒரு ஊரில் இறங்கி அங்கிருந்தே திரும்புவதாக இல்லாமல், நான்கைந்து ஊர் இறங்கி ஏறிப் போக வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை.

குழுச் சுற்றுலாவில் போகலாமே என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். விசா வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், சில நிறுவனங்கள் சமையல்காரரையும் கூட்டிப்போகின்றன. கைப்பேசியில் டிக்கெட் எடுக்கவோ வழி கேட்கவோ தயங்குபவர்களுக்கு அதுதான் சரி, சந்தேகமே இல்லை. ஆனால் என் அக்கா போய்வந்த பயணத்தில் அநேகமாகத் தினமும் விடிகாலையில் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட வேண்டியிருந்தது. பத்து நாளில் ஏழு படுக்கை. திரும்பி வந்து ஒரு வாரம் கால் வீக்கம் வடியவில்லை. அக்காவின் அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் எங்கள் தாள்களில் ஒரு புதுக் கட்டம் போட்டேன்: பெட்டியைத் தூக்கும் தடவை.

அதுவரை எங்கள் தாள்களில் டிக்கெட் விலை, ஓட்டல் வாடகை, பார்க்க வேண்டிய இடம் என்று மூன்றே கட்டங்கள். முப்பது வயதில் அது போதும். எங்கள் வயதில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பணமோ தூரமோ இல்லை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் மருந்துப் பை, எதிரே படிக்கட்டு, பின்னால் அவசரப்படும் கூட்டம்: அந்தப் பத்து நிமிடம்தான் மறுநாளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. ஆகவே, படுக்கை மாறும் நாளுக்கு ஒரு கோடு, பெட்டியோடு வண்டி மாறும் இடத்துக்கு ஒரு கோடு, பெட்டியோடு சுங்கமோ படகோ கடக்கும் இடத்துக்கு ஒரு கோடு என்று மூன்று தாள்களிலும் போட்டுக்கொண்டே வந்தேன்.

சுவிட்சர்லாந்து

கோடு மிகக் குறைவாக விழுந்தது இந்தத் தாளில்தான். சூரிக் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். அங்கிருந்து லூசெர்னுக்கு நேரடி வண்டி இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. லூசெர்ன் நிலையத்துக்கு வெளியே வந்தால் எதிரே ஏரி, படகுத் துறை. நாங்கள் முதலில் போட்ட திட்டம் லூசெர்ன், இன்டர்லாக்கன், மாந்த்ரோ என்று மூன்று ஊரில் தங்குவது. இன்டர்லாக்கனிலிருந்து மாந்த்ரோவுக்கு 2022 டிசம்பர் முதல் வண்டி மாறாமலே போகலாம். வழியில் தண்டவாள அகலம் மாறுகிறது. முன்பெல்லாம் அந்த இடத்தில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும், இப்போது ரயில் பெட்டியின் சக்கரங்களே அகலத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்கின்றன.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது இன்னொன்று தோன்றியது. ஊரே மாற வேண்டாம். லூசெர்னிலேயே எட்டு நாளும் அறை எடுத்துக்கொண்டு காலையில் கைப்பையோடு கிளம்பினால் சூரிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குள், பெர்னுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், மலைக் கணவாய் வழியாக இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேரம். மாலையில் அதே அறை, அதே தலையணை. பெட்டியைத் தூக்குவது வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை.

இதைச் சாத்தியமாக்குவது அந்த நாட்டுக் கால அட்டவணை. முக்கியத் தடங்களில் அரை மணிக்கு ஒரு வண்டியோ ஒரு மணிக்கு ஒரு வண்டியோ, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படுகிறது. ஒன்றை விட்டால் பதற வேண்டியதில்லை, உட்கார்ந்து அடுத்ததில் போகலாம். சாதாரண வண்டிகளுக்கு முன்பதிவும் தேவையில்லை. அறுபது நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து லோயர் பர்த்துக்கு மன்றாடிப் பழகிய நமக்கு இது நம்பவே முடியாத சுகம்.

பாஸ் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வெளிநாட்டவருக்கான சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலை ரயிலும் முழுக்க இலவசம். ஆனால் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் போக அதில் கால் பங்குதான் தள்ளுபடி. பாதிக் கட்டண அட்டை என்று இன்னொன்று உண்டு, அது யுங்ஃபிராவ்யோக் உட்பட அநேகமாக எல்லாவற்றிலும் சரிபாதி குறைக்கும். தினமும் ஊர் சுற்றினால் பாஸ், இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் வெளியே கிளம்பினால் பாதிக் கட்டண அட்டை என்பது என் கணக்கு. அந்த உச்சிக்கே போகத்தான் வேண்டுமா என்பதையும் நம் வயதில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உயரத்தில் மூச்சு முட்டலாம். ரிகி 1,800 மீட்டர்தான், அங்கிருந்தும் பனிமலை வரிசை தெரியும்.

இனி பாரமான பக்கம். ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. எட்டு நாள் பாஸ் இரண்டாம் வகுப்புக்கே ஓர் ஆளுக்கு 400 பிராங்குக்கு மேல். சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதியச் சான்று, ஓட்டல் பதிவு எல்லாம் கோத்துக்கொண்டு கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை தள்ளக் கூடாது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நேரடி விமானமும் இல்லை, வழியில் எங்காவது மாற வேண்டும்.

சாப்பாடு பற்றிப் பயம் வேண்டாம். ஈழத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே குடியேறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பெர்னில் பல சமயத்தாரும் ஒரே கட்டடத்தில் வழிபடும் இல்லம் இருக்கிறது, அதில் சைவக் கோயிலும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் அன்றும் திறந்திருக்கும்.

பாரிஸ், ரோம் எல்லாம் சேர்த்துப் பல நாடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் யூரெயில் பாஸில் 60 வயதானவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலே இருக்கை கிடைத்துவிடாது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் அதிவேக வண்டிகளுக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

ஜப்பான்

இந்தத் தாள் என் கணவருடைய செல்லம். டோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா. டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள். டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னலான ‘E’ எழுத்து இருக்கை கிடைத்தால் வானம் தெளிவாக உள்ள நாளில் ஃபூஜி மலை தெரியும் என்பது வரை படித்து வைத்திருக்கிறார்.

ஜப்பான் ரயில்வேயின் ஜே.ஆர். பாஸ் வாங்கினால் லாபம் என்று பழைய கட்டுரைகளில் படித்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ–கியோத்தோ தோராயமாக 14,000, கியோத்தோ–ஹிரோஷிமா 11,500, ஹிரோஷிமா–டோக்கியோ 19,500. தனித்தனியாக எடுத்தாலும் 45,000 யென்தான் வருகிறது. ஒசாகா விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புவதாக வைத்துக்கொண்டால் இன்னும் குறையும், ஒரு நீண்ட ஓட்டமும் மிச்சம். பாஸை வைத்துக்கொண்டு மிக வேகமான நொசோமி வண்டியில் ஏறத் தனிக் கட்டணமும் கேட்கிறார்கள்.

பெட்டி விஷயத்தில் ஜப்பானியர்கள் அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஓட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் அடுத்த ஊர் ஓட்டலுக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். ஓரிரவுக்கான துணியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு ரயிலேறலாம். பெட்டியைக் கையோடு கொண்டுபோனால், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆகவே கோட்டுக் கணக்கில் ஜப்பான் நன்றாகவே வந்தது.

என்னைத் தயங்க வைத்தவை வேறு. முதலாவது நடை. அங்கே பெரிய நிலையங்கள் ஒரு சின்ன ஊர் அளவு இருக்கின்றன. லிஃப்ட் இருக்கும், ஆனால் நாம் நிற்கும் முனைக்கு எதிர்முனையில் இருக்கலாம். என் முழங்காலுக்கு அந்த நடைதான் பகை. இரண்டாவது சாப்பாடு. நான் சுத்த சைவம். காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும்கூட உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாறு இருக்கும், சமைப்பவர்கள் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. மீன் சாப்பிடுபவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூன்றாவது மருந்து. மருத்துவச் சீட்டில் வாங்கும் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி அப்படியே பெட்டியில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளோ அறவே கூடாது, அனுமதியும் கிடையாது.

மலேசியாவும் தாய்லாந்தும்

நான் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் தடங்களை அமைத்ததிலும் பின்னர் பராமரித்ததிலும் தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்திருக்கிறார்கள். பிறகு 1942–43இல் சயாம்–பர்மா மரண ரயில் தடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரமாயிரம் தமிழர்கள் மடிந்தார்கள். வகுப்பில் நின்று சொன்ன இடங்களை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெறும் சுற்றுலா ஆசை இல்லை. அதனால் இந்தத் தாளின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாசம் இருந்தும், கோடு அதிகம் விழுந்தது இதில்தான். கோலாலம்பூரில் இறங்கி ஈப்போ, பினாங்கு, ஹட்யாய், பாங்காக் என்று போட்ட திட்டத்தில் பத்துக் கோடுகளைத் தாண்டியது. பினாங்குக்குப் போகப் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டிறங்கிப் படகேற வேண்டும். பாடாங் பெசார் எல்லை நிலையத்தில் பெட்டியோடு இறங்கி மலேசியக் குடியகல்வு, தாய்லாந்துக் குடிவரவு இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையத்துக்குள் இருப்பது ஓர் ஆறுதல். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவை விட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், அங்கே தாய்லாந்து வண்டிக்கு எடுத்த டிக்கெட்டில் எந்த நாட்டு நேரம் போட்டிருக்கிறது என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஹட்யாயிலிருந்து பாங்காக் 900 கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுதும் பயணம். இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் நம் ஊர் சைடு லோயர், சைடு அப்பர் போல வண்டியின் நீளவாக்கில் அமைந்திருக்கும், திரை உண்டு, பணியாளர் வந்து படுக்கை விரித்துத் தருவார். கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் கொஞ்சம் கூடுதல். இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்காவிட்டால் அந்த இரவு வேண்டாம் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். ஏணியில் ஏற என்னால் ஆகாது, பின்னிரவில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டிய அவராலும் ஆகாது.

ஆனால் மலேசியப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம், கட்டணம் 55 ரிங்கிட். நிலையத்தை ஒட்டியே தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து இ.டி.எஸ். மின்சார வண்டியில் ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம், ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரண்டு மணி நேரம் போல. குளிர்சாதனம், எண் போட்ட இருக்கை, ரயில் பெட்டித் தளத்துக்குச் சமமாக நடைமேடை. கோலாலம்பூர்–பட்டர்வொர்த் கட்டணம் ஓர் ஆளுக்கு 100 ரிங்கிட்டுக்குள் அடங்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரம்தான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், 2026 இறுதி வரை அந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மொழிப் பயமும் இல்லை. மாத்திரை தீர்ந்துபோனால் மருந்துக்கடையில் ஆங்கிலத்தில் கேட்கலாம், பல ஊர்களில் தமிழிலேயே கேட்கலாம். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் என்பதால் அவருடைய இன்சுலின் நேரத்தையும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை.

முழங்காலுக்கு ஓர் எச்சரிக்கை: பத்துமலையில் 272 படிகள், பினாங்கு தண்ணீர்மலையில் 500க்கு மேல். அடிவாரத்தில் நின்று கும்பிடுவதென்று நான் முடிவு செய்துவிட்டேன். தைப்பூசத்தையொட்டிய நாள்களில் போனால் ரயிலிலும் அறையிலும் இடம் கிடைப்பதே சிரமம், தரிசனத்துக்காகவே போகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

எங்கள் முடிவு

பணம் ஒரு பொருட்டில்லை, மூட்டுவலி அதிகம், விசா அலைச்சலுக்குப் பிள்ளைகள் துணை இருக்கிறார்கள் என்பவர்கள் யோசிக்காமல் சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளலாம். லூசெர்னில் ஒரே அறை, பாதிக் கட்டண அட்டையோ பாஸோ, மே முதல் செப்டம்பருக்குள். நடக்கத் தெம்பு இருக்கிறது, மீன் சாப்பிடுவோம் என்பவர்களுக்கு ஜப்பான். பெட்டியை முன்னால் அனுப்பிவிட்டுப் போகும் சுகத்தை வேறெங்கும் அவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

நாங்கள் மலேசியாவை எடுத்திருக்கிறோம். முதல் பயணத்தில் ஏதாவது தவறும். ஒரு வண்டியை விடுவோம், ஓர் அறை பிடிக்காமல் போகும், ஒருநாள் யாருக்காவது உடம்புக்கு முடியாது. கோலாலம்பூரில் அப்படித் தவறினால் சில நூறு ரிங்கிட்டில் சரிசெய்துகொண்டு, தேவைப்பட்டால் மறுநாளே திருச்சிக்குத் திரும்பிவிடலாம். சூரிக்கிலோ டோக்கியோவிலோ அதே தவறு பல மடங்கு பணமும் மனக்கலக்கமும் கேட்கும். அந்த ஊர்களுக்கு, இதில் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு போவோம்.

பாங்காக் இரவு வண்டியைக் கைவிட அவருக்கு மனமே இல்லை. எல்லையை ரயிலில் கடக்க வேண்டும் என்பது அவருடைய சின்ன வயதுக் கனவு. இரண்டு நாள் பேசி ஒரு வழி கண்டோம். பெரிய பெட்டிகளைப் பினாங்கு ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கொரு தோள்பையோடு பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் போய், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஹட்யாய்க்கு ஒரு மணி நேரம், ஓரிரவு தங்கித் திரும்புவது. தாய்லாந்தும் 2025 மே முதல் தனியாக வருகை அட்டை கேட்கிறது, திரும்பி வரும்போது மலேசிய அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும். தாய்லாந்து விசா விலக்கு விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் பார்த்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் அந்தப் பக்கம் கனமழை. அதனால் பிப்ரவரியில் போகிறோம், தைப்பூசம் முடிந்து. கோலாலம்பூரில் மூன்று இரவு, ஈப்போவில் இரண்டு, பினாங்கில் இரண்டு, ஹட்யாயில் ஒன்று, மறுபடி பினாங்கில் இரண்டு. பிறகு ஒரே ஓட்டமாகக் கோலாலம்பூர். பெட்டியோடு போகும் கோடுகள் ஆறு.

காப்பீட்டை மலேசியா கட்டாயம் கேட்பதில்லை. ஆனாலும் எடுக்கிறோம், அவருடைய சர்க்கரையையும் என் அழுத்த மாத்திரையையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி. சந்தா கொஞ்சம் கூடியது. மறைத்துவிட்டுப் பின்னால் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தால் யாரிடம் போய்க் கேட்பது?

நேற்று இரண்டு பெட்டிகளையும் கட்டி, எங்கள் மாடிப்படி பதினெட்டையும் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாக, நிற்காமல். என்னுடையது ஒன்பது கிலோ, மூன்றாவது தடவையும் ஏறிவிட்டேன். அவருடையது பதினான்கு. இரண்டாவது தடவையிலேயே நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். இன்று காலை அவரே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளை மறுபடி ஏறிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறோம்.